இடது காதுக்குக் கீழே

அன்புள்ள தம்பி,

முந்தாநாள் பின்னேரம் மருமகள் நிரோஜா போன் எடுத்தாள். நீ வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள். உன் இடது காதுக்குக் கீழே, பழைய தழும்பு இருக்கும் அதே இடத்தில், திரும்பவும் ஒரு கட்டி வந்து ஆறேழு மாதமாக வளர்கிறது என்றும், டொக்டரிடம் போகச் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய் என்றும் சொன்னாள். பிறகு, "மாமா, அந்தப் பக்கத்தில ஒருத்தரும் கை வைக்கக் கூடாதாம். என்னையும் விடமாட்டார். சின்ன வயசில என்ன நடந்தது எண்டு கேட்டால், தானே வட்டம் கீறுற கவராயத்தால குத்தினது எண்டு சொல்றார். அப்பிடித்தானோ நடந்தது?" என்று கேட்டாள். நான், கிணற்றடியில் மோட்டர் ஓடுகிறது, பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். மோட்டர் ஓடவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். போனில் எனக்கு இது வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எடுக்கும்போது நாம் மழையைப் பற்றிக் கதைக்கிறோம், கிணற்றுத் தண்ணீர் உவர்த்துப்போனதைப் பற்றிக் கதைக்கிறோம். சாப்பிட்டீங்களோ என்று நீ கேட்கிறாய், ஓம் என்கிறேன். போனை வைத்த பிறகு, அடுத்த ஞாயிறு வரை இந்த வீட்டில் குரல் என்று எழும்புவது குறைவு. உன்னிடம் சொல்லாத காரியங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று நாலு மாதத்துக்கு முன் எனக்கு நடந்தது. மற்றது உன் பதினாலாவது வயதில் நடந்தது. அது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நான் என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. முதலாவதைச் சொன்னால்தான் இரண்டாவதைச் சொல்ல எனக்குத் துணிவு வரும்.

எனக்கும் ஒரு கட்டி வந்தது. முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, முன்னாலிருந்தும் கை எட்டாத, பின்னாலிருந்தும் எட்டாத இடத்தில். கதிரையில் சாயும்போது ஏதோ உருளுகிற மாதிரி இருந்தது. முதலில் கதிரையில்தான் பிழை என்று நினைத்து, வேறு கதிரையில் இருந்து பார்த்தேன். பிறகு அலுமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சவரம் செய்யும் சின்னக் கண்ணாடியைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் பிடிபட்டால் மற்றதில் நழுவிவிடும். கடைசியில் ஒரு கணம் தெரிந்தது. புளியங்கொட்டை அளவில் ஒரு வீக்கம், அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. உன் அம்மா இருந்திருந்தால், நான் சேட்டைக் கழற்றிய முதல் நாளே கண்டிருப்பாள். அவள் போன இந்த மூன்று வருசத்தில் என் முதுகை ஒருவரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நோவு இல்லாததால் விட்டுவிட்டேன். ஐந்தாறு மாதத்தில் அது நெல்லிக்காய் அளவாயிற்று. கடிக்கத் தொடங்கியதும் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. குசினியில் இருந்த சிரட்டை அகப்பையின் காம்பை முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து, சாய்ந்து, என் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். உள்ளே ஏதோ உடைந்தது தெரிந்தது. சேட்டில் ஈரம் பட்டது. முடிந்தது என்று நினைத்துக் குளித்துவிட்டுப் படுத்தேன். நாலு நாளில் முதுகு நெருப்பாய்க் கொதித்தது, காய்ச்சல் வந்தது, இடது கையைத் தூக்க ஏலாமல் போயிற்று.

கண்டுபிடித்தவர் மரியதாஸ். அவரை உனக்குத் தெரியாது. ஊர்காவற்றுறையில் இருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர், ஐம்பது வயது இருக்கும். மடத்துவெளியில் எங்கள் ஒழுங்கையில் ஆட்கள் இருக்கிற வீடு மூன்றுதான் என்றாலும், எங்கள் படலையில் நிறுத்தாமல் போகமாட்டார். அன்று நான் சூடை மீனை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்ப, அவர் கூப்பிட்டார். "அண்ணை, உங்கட சேட்டில ரத்தம். திரும்பி நில்லுங்கோ." நான் நின்றேன். அவர் சேட்டை மெதுவாக உயர்த்திப் பார்த்தார். நான் மீன் வெடுக்கு என்று நினைத்த நாற்றத்தை முகர்ந்து, "இது மீன் மணம் இல்லையண்ணை, உங்களில இருந்து வருது" என்றார். மிச்ச மீனை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நாற்பது வருசம் நான் பஸ் ஓடிய அதே தெருவில், வேறொருவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த டொக்டர் ஒரு இளம் பிள்ளை. அவசரப்படாமல் பார்த்தாள். "இதை ஆர் ஐயா அமத்தினது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் கோபிக்கவில்லை. கட்டியைக் கீறி, சீழை எடுத்து, குழிக்குள் துணித் திரி வைத்துக்கொண்டே, இது என்ன என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். இது ஊத்தையால் வருவதில்லையாம், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லையாம். தோலில் ஒரு சின்ன இடம் உள்ளே மடிந்துபோய் ஒரு பை மாதிரி ஆகிவிடுகிறது. நம் தோல் நாள்தோறும் வெளியே உதிர்ந்துபோகிற மாதிரி, அந்தப் பைக்குள்ளும் உதிர்கிறது. ஆனால் வெளியேற வழி இல்லை. அதுதான் சேர்ந்து சேர்ந்து வெள்ளைக் களிபோல் ஆகி நாறுகிறது. பேசாமல் விட்டால் அநேகமானவை ஒரு தீங்கும் செய்யாமல் வருசக்கணக்காகக் கிடக்கும். "பிதுக்கினால் கொஞ்சம்தான் வெளியில வரும். மிச்சம் உள்ளுக்குள்ள வெடிச்சுப் பரவும். பை அங்கேயே இருக்கும். பை இருந்தால் திரும்ப வரும்" என்றாள். இப்போது சீழை மட்டும்தான் எடுத்திருக்கிறது, புண் ஆறி வீக்கம் வற்றிய பிறகு பையை முழுதாக எடுக்கவேண்டும், அதற்குக் கொஞ்சக் காலம் பொறுக்கவேண்டும் என்றும் சொன்னாள்.

பிறகு மருந்து எழுதிக்கொண்டே கேட்டாள்: "நாளாந்தம் திரி மாத்தி மருந்து கட்டவேணும். வீட்டில ஆர் இருக்கினம்?"

கதவுக்கு வெளியே நீள மர வாங்கில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் ஊர்ப் பக்கத்தவர்கள். ஒருவரும் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மகன் இருக்கிறான் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் நாளைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நேர்ஸ் மருந்து கட்டப் பழக்கிவிடுவாள் என்றாள்.

அடுத்த நாள் மரியதாஸ்தான் ஏற்றிப் போனார். நான் சொன்ன பொய் அவருக்குத் தெரியாது. நேர்ஸ் பிள்ளை அவரைப் பார்த்து, "நீங்களோ ஐயாவின்ர மகன்?" என்று கேட்டாள். மரியதாஸ் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். என் முகத்தில் என்ன கண்டாரோ, அவள் பக்கம் திரும்பி, "ஓம்" என்றார்.

தம்பி, அந்த ஓமை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதே மாதிரி என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, எனக்காக இன்னொருவர் சொன்ன ஓம். நான் நேர்ஸிடம், "இல்லைப் பிள்ளை. மகன் சுவிஸில. இவர் எங்களுக்கு மீன் கொண்டு வாறவர். நேற்று நான் பொய் சொன்னனான்" என்றேன். அவள் மரியதாஸைக் கைகழுவச் சொன்னாள். அவர் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். அதற்குப் பிறகு மூன்று கிழமை, மீன் விற்று முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கி, அப்படியே கழுவிவிட்டு எனக்கு மருந்து கட்டினார்.

இனி மற்றதைச் சொல்லவேண்டும்.

உனக்குக் காதுக்குக் கீழே, கன்னம் தொடங்கும் இடத்தில் அந்தக் கட்டி வந்தபோது அம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று ஒரு மாதமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் உனக்குப் பட்டம் வைத்திருந்தார்கள், நீ சாப்பிடும்போதும் கையால் மூடிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு நாள் வேலையை விட மனமில்லை. அதைவிட உண்மை, எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம். என் காலில் வந்த கட்டிகளை நானே குத்தி உடைத்திருக்கிறேன், புண் ஆறி மாறியிருக்கிறது. அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு காலை, உன்னைக் குசினி வாசலில் இருத்தி, தைக்கிற ஊசியை விளக்கில் காட்டி எடுத்தேன். உன் தலையை என் முழங்கால்களுக்கு நடுவே வைத்துப் பிடித்தேன். ஊசி பட்டதும் நீ, "வேண்டாம் அப்பா" என்றாய். ஒருதரம்தான் சொன்னாய். நான், "ஆம்பிளைப்பிள்ளை, அசையாத" என்று சொல்லிவிட்டு இன்னும் இறுக்கிப் பிடித்தேன். நீ அசையவில்லை, கத்தவில்லை. நான் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்திருந்த உன் கை மட்டும் இறுகியது எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் பிதுக்கினேன். வெள்ளையாக வந்தது. பார், இவ்வளவுதான் என்று பெருமையாக உனக்குக் காட்டினேன்.

ஐந்தாம் நாள் உன் முகம் ஒரு பக்கம் முழுக்க வீங்கி வாய் திறக்க ஏலாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்த வயதான டொக்டர் என் பஸ்ஸில் வருகிறவர், எனக்கு மரியாதை தருகிறவர். "டிறைவர், இதை ஆர் செய்தது?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை. "தம்பி கவராயத்தால குத்திப்போட்டான் டொக்டர்" என்றேன். கவராயம் என்ற சொல் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் உன்னிடம் திரும்பி, உண்மையோ என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, திறக்க ஏலாத வாயால், "ஓம்" என்றாய். அவர் உன்னை, படிக்கிற பிள்ளைக்கு மூளை இல்லையோ என்று எல்லாருக்கும் கேட்க ஏசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

நீ ஆஸ்பத்திரி வாட்டில் ஆறு நாள் கிடந்தாய். உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். ஊசியை அவள் கண்டிருந்தாள். "அவன் உங்கட மானத்தைக் காப்பாத்தினவன். நீங்கள் அவன்ர மானத்தைக் குடுத்திட்டீங்கள்" என்றாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நீயும் கதைக்கவில்லை. முன்பெல்லாம் பள்ளிக்கூடம் போகும்போது என் சீற்றுக்குப் பின்சீற்றில் இருந்து, கண்ணாடியில் என்னோடு கதைத்துக்கொண்டு வருவாய். பிறகு பின்கதவால் ஏறிக் கடைசிச் சீற்றுக்குப் போனாய். சிநேகிதர்களோடு இருக்க விரும்புகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அன்று வாசலில் உன்னைக் கட்டிப்பிடித்தபோது, வலப்பக்கமாகத்தான் முகத்தை வைத்தேன். இடப்பக்கம் வர எனக்குத் துணிவு இருக்கவில்லை. அன்று சொல்லியிருக்கலாம். பிள்ளை சந்தோசமாகப் போகட்டும் என்று ஒரு சாட்டு வைத்துக்கொண்டேன். சாட்டுகளுக்கு எனக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

மருந்து கட்டப் போன நாள்களில் ஒருநாள் அந்த டொக்டர் பிள்ளையிடம் கேட்டேன், ஒரு பொடியனுக்குக் காதுக்குக் கீழே இப்படி வந்து, வீட்டில் ஒருவர் ஊசியால் குத்தியிருந்தால் என்ன ஆகும் என்று. அவள் தன் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினாள். கண்ணை மூடவும், சிரிக்கவும் வைக்கிற நரம்பு அந்த வழியாகத்தான் ஓடுகிறதாம். அங்கே வருகிறதெல்லாம் தோல் கட்டியாகவும் இருக்காதாம், உமிழ்நீர்ச் சுரப்பியில் வருகிற வேறு கட்டியாகவும் இருக்கலாமாம். அதனால் அந்த இடத்தில் வருகிறதை ஸ்கான் செய்து பார்த்துத்தான், தெரிந்த சத்திரசிகிச்சை டொக்டர் தொடவேண்டுமாம். "அந்தப் பொடியன் நல்லாச் சிரிக்கிறாரோ ஐயா?" என்று கேட்டாள். நான் சேட்டுப் பொத்தானைப் போடத் தொடங்கினேன். நல்லாய்ச் சிரிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னோடு சிரித்து எவ்வளவு காலம் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

போன மாதம் யாழ்ப்பாணத்தில் என் பையை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதில் முதுகு விறைத்திருந்தது. அரை மணித்தியாலம் கூட இல்லை. எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள், உரித்த சின்ன நுங்கு மாதிரி, முழுதாக. பரிசோதனைக்கு அனுப்பினார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்துவிட்டது. தையல் போட்டு வெளியே வாங்கில் இருத்திவிட்டார்கள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் போனில் யாருக்கோ, முடிந்துவிட்டது, நோவு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் போனைக் கையில் எடுத்தேன். உனக்கு வேலை நேரமாக இருக்கும் என்று திரும்பப் பொக்கற்றில் வைத்துவிட்டு, பஸ்ஸில் தனியாக வீட்டுக்கு வந்தேன். பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி தாண்டி வரும் வரை முதுகைச் சீற்றில் சாய்க்காமல் நிமிர்ந்தே இருந்தேன். அந்த ஞாயிறு நீ கேட்டபோது, சுகமாய் இருக்கிறேன் என்றேன். அதுவும் ஒரு பொய். நீ சொன்ன சுகங்களில் எத்தனை இப்படிப்பட்டவை என்று அன்று முதல்முறையாக யோசித்தேன்.

ஆகவே, தம்பி, உனக்குத் திரும்ப வந்திருப்பது உன் பிழையால் வந்ததில்லை. அன்று கீறிச் சீழை எடுத்தார்கள், பையின் ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கும், அவ்வளவுதான். அநேகமாக அது வெறும் தோல் கட்டிதான். ஆனால் கெதியாக வளர்ந்தாலோ, கல்லுமாதிரி இறுகி அசையாமல் நின்றாலோ, சிவந்து கொதித்தாலோ, முகத்தில் ஒரு பக்கம் சோர்ந்தாலோ, ஒருநாளும் பிந்தக் கூடாது. இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் போய்க் காட்டு. அதுவரை அமத்தாதே, கிள்ளாதே. முகம் வழிக்கும்போது பார்த்து வழி. இது நான் படித்துச் சொல்வதில்லை, என் முதுகிலும் உன் முகத்திலும் செய்து பார்த்துவிட்டுச் சொல்வது.

இந்த உறையில் நிரோஜாவின் பெயரையும் எழுதுகிறேன். அவளும் வாசிக்கட்டும். இருபத்திரண்டு வருசமாக, கட்டின மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாய். இனி எனக்காக நீ அந்தப் பொய்யைச் சொல்லவேண்டாம். அங்கே டொக்டர் கேட்டால், அப்பா ஊசியால் குத்தினவர் என்று சொல். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் நீ ஓம் என்று சொல்லிவிடுவாய், எனக்கு அது தெரியும்.

அந்த நாள் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலில் விரலால் தடவிப் பார்ப்பார்கள், ஸ்கான் எடுப்பார்கள். படம் பார்த்த பிறகு, உன் இடத்துக்கு விறைப்பு ஊசியே போதுமோ, நித்திரையாக்கித்தான் எடுக்கவேண்டுமோ என்று சொல்லுவார்கள். விறைப்பு ஊசி என்றால், முகத்தைத் திருப்பிப் படுக்கச் சொல்லுவார்கள். ஊசி ஏறும்போது எரியும், கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். பிறகு யாரோ இழுப்பது தெரியும், நோவு தெரியாது. கத்தி வைக்க முன், நோகுதோ என்று கேட்பார்கள். நொந்தால், நோகுது என்று சொல். வேண்டாம் என்று தோன்றினால், வேண்டாம் என்று சொல். ஒருதரம் சொன்னால் போதும், தம்பி. கையை எடுத்துவிடுவார்கள்.

அப்பா